ஹாப்ஸ் தோட்டத்திலிருந்து வெம்ப்ளி வரை: செக் கால்பந்து வீரர் ஒருவரின் தொழில்வாழ்க்கை எப்படி அமைகிறது?

செக் குடியரசின் வடமேற்கில், பியருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் கொடிகள் விளையும் வட்டாரத்தில், ப்ல்ஷானி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஆயிரம்தான். ஊரின் கால்பந்து கிளப்புக்கு ஹ்மெல் ப்ல்ஷானி என்று பெயர். ஹ்மெல் என்றால் செக் மொழியில் ஹாப்ஸ். கைக்குழந்தைகள் உட்பட ஊரார் அனைவரும் ஆட்டம் பார்க்க வந்தாலும் மைதானத்தில் இடம் மிஞ்சும். ஆனாலும் 1998 முதல் 2006 வரை இந்தக் கிளப் நாட்டின் முதல்நிலை லீக்கில் விளையாடியது. அங்கேதான் 1999இல், 17 வயதில், ஒரு கோல்கீப்பர் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடினார். ஐந்தே ஆண்டுகளில் அவர் லண்டனில் செல்சி அணியின் கோலைக் காத்துக்கொண்டிருந்தார். அவர் பெட்ர் செக். அவருடைய குடும்பப் பெயரின் பொருளே ‘செக் இனத்தவர்’ என்பதுதான். ஆகவே குழப்பம் வராமலிருக்க இக்கட்டுரையில் அவரை முழுப் பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

ஐரோப்பியக் கால்பந்தை அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வீரரின் வாழ்க்கை, பெரிய கிளப்பின் சட்டையை அணியும் நாளில் தொடங்குவதாகத் தோன்றும். அதற்கு முன் அவர் ஆடிய ஊர்களின் பெயர்கள் தகவல் பட்டியலில் இரண்டு மூன்று வரிகளாக இருக்கும், யாரும் படிப்பதில்லை. செக் வீரர் ஒருவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வரிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாடு அது. அங்குள்ள எந்தக் கிளப்பும், வளர்ந்துவிட்ட ஒரு நல்ல வீரரைப் பணம் கொடுத்து நெடுங்காலம் நிறுத்தி வைத்திருக்க முடியாது. எனவே அந்நாட்டுக் கால்பந்தின் ஒழுங்கு முழுவதும் வீரரை வளர்ப்பது, ஆட வைப்பது, விற்பது, பிறகு ஒரு நாள் திரும்ப வரவேற்பது என்ற சுற்றில் அமைந்திருக்கிறது.

சுற்று சொந்த ஊர் கிளப்பில் தொடங்குகிறது. ஏறக்குறைய எல்லாச் சிற்றூர்களிலும் ஒரு கிளப்பும், புல்தரையும், ஆட்டம் முடிந்தபின் பெரியவர்கள் உட்கார்ந்து பியர் அருந்த ஓரிடமும் உண்டு. மிகச் சிறிய குழந்தைகள் ‘ப்ரீப்ராவ்கா’ எனப்படும் ஆயத்தப் பிரிவில் சேர்கிறார்கள். அடுத்தது ‘ஷாட்சி’, அதாவது மாணவர் பிரிவு. ஏறத்தாழ 15 வயது வரை. அதன்பின் 19 வயது வரை ‘டோரோஸ்ட்’, அதாவது இளைஞர் பிரிவு. திறமை தெரிந்த பையன் மாணவர் பிரிவில் இருக்கும்போதே பக்கத்து நகரத்தின் பெரிய கிளப் வந்து அழைத்துச் செல்லும். பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்ற பாவெல் நெட்வெட் ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஸ்கல்னாவில் வளர்ந்து அங்குள்ள கிளப்பில் தொடங்கினார். பிறகு அருகிலுள்ள ஹேப் நகரம், அதன்பின் ப்ல்ஸென் என்று படிப்படியாக நகர்ந்தார். ஊர், வட்டாரத் தலைநகர், மாநிலத்தின் பெரிய நகரம் என்ற இந்த வரிசை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

இந்தப் பருவத்தில் யார் எந்த இடத்தில் ஆடுவார் என்பதுகூட உறுதியில்லை. ப்ல்ஸெனில் முன்கள வீரராக ஆடிக்கொண்டிருந்த பெட்ர் செக், பத்து வயதில் காலை முறித்துக்கொண்ட பிறகுதான் கோலுக்குள் போனார். இதற்கு நேரெதிராக, 202 சென்டிமீட்டர் உயரம் கொண்ட யான் கோலர் சிறு வயதில் கோல்கீப்பராகப் பயிற்சி பெற்றவர். பின்னர் முன்களத்துக்கு வந்து தேசிய அணிக்காக 55 கோல்கள் அடித்தார். அந்நாட்டில் அதுவே சாதனை. பழைய பயிற்சி வீண் போகவில்லை. 2002 நவம்பரில் பயர்ன் மியூனிக்குக்கு எதிரான ஆட்டத்தில், அவர் அப்போது ஆடிய ஜெர்மன் கிளப்பான டோர்ட்முண்டின் கோல்கீப்பர் ஜென்ஸ் லேமன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபோது, அதே ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு கோல் அடித்திருந்த கோலர் கையுறையை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றார். மிச்ச நேரத்தில் ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை.

இனி, பாதையின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். இளைஞர் பிரிவில் சிறந்து விளங்கிய 18 வயதுப் பையனுக்கு, தலைநகர் ப்ராகில் உள்ள ஸ்பார்ட்டா அல்லது ஸ்லாவியா போன்ற கிளப்பின் முதல் அணியில் இடம் கிடைப்பது அரிது. 1892இல் தொடங்கிய ஸ்லாவியாவும் 1893இல் தொடங்கிய ஸ்பார்ட்டாவும் ஆண்டுதோறும் கோப்பைக்காக ஆடுபவை. பையன் பழகுவதற்காக அவை புள்ளிகளை இழக்க விரும்புவதில்லை. அதே சமயம், தன் வயதுப் பையன்களோடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தால், முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர் முழங்கையை விலாவில் பதிக்கும்போது என்ன செய்வது என்று அவன் ஒருபோதும் கற்றுக்கொள்ள மாட்டான். இந்தச் சிக்கலுக்கான விடைதான் ‘ஹோஸ்டோவானி’. ‘விருந்தினராக இருத்தல்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். தமிழில் நாம் லோன் என்றோ கடனாக அனுப்புதல் என்றோ சொல்வது அதைத்தான். வீரரின் ஒப்பந்தம் தாய்க் கிளப்பிடமே இருக்கும். அரைப் பருவத்துக்கோ முழுப் பருவத்துக்கோ வேறொரு கிளப்புக்காக அவர் ஆடுவார். சம்பளத்தை யார் எவ்வளவு தருவது என்பதை இரு கிளப்புகளும் பேசி முடிவு செய்துகொள்ளும்.

தோமாஷ் சோசெக்கின் கதை இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. 1995இல் ஹாவ்லீச்கூவ் ப்ரோட் நகரில் பிறந்த அவர் ஸ்லாவியாவின் இளைஞர் பிரிவுகளில் வளர்ந்தவர். முதல் அணியில் இடமில்லாததால், இரண்டாம்நிலை லீக்கில் ஆடிய விக்டோரியா ஷிஷ்கோவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து ஸ்லாவியாவில் இடம் பிடித்த பிறகும், 2017இல் லிபெரெட்ஸ் நகரக் கிளப்புக்கு மீண்டும் கடனாகப் போக வேண்டியிருந்தது. உயரமான, சற்றே நளினம் குறைந்த நடுக்கள வீரர் என்ற அளவிலேயே பலரும் அவரை எண்ணியிருந்த காலம் அது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், அவர் லண்டனின் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போனார். அங்கும் முதலில் கடனாகத்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு அந்தக் கிளப் அவரை நிரந்தரமாக வாங்கிக்கொண்டது. ஆக, கடனாகப் போவது திறமைக் குறைவின் அடையாளம் என்று தொடக்க நிலை ரசிகர்கள் எண்ணுவது பெரும்பாலும் தவறு. பாட்ரிக் ஷிக்கும் ஸ்பார்ட்டாவில் வாய்ப்புக் கிடைக்காமல் 2015-16 பருவத்தில் அதே நகரத்தின் போஹெமியன்ஸ் அணிக்குக் கடனாகப் போய்க் கோல்கள் அடித்தவர்தான். அந்த ஒரு பருவத்தைப் பார்த்தே இத்தாலியின் சாம்ப்டோரியா அவரை வாங்கியது. ஓராண்டில் அங்கிருந்து ரோமாவுக்குப் பெருந்தொகைக்கு விற்கப்பட்டார். ஸ்பார்ட்டா ரசிகர்கள் இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் பெருமூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. ஓலமொட்ஸ் நகரத்தின் சிக்மா கிளப், இளைஞர்களை வளர்ப்பதில் பெயர் பெற்றது. அங்கு வளர்ந்த தடுப்பாட்டக்காரர் தோமாஷ் கலாஸை 2010இல், 17 வயதில், செல்சி வாங்கியது. பார்ப்பதற்குக் குறுக்குவழி போல இருந்தது. நடந்தது வேறு. செல்சி அவரை நெதர்லாந்தின் வித்தெஸ், ஜெர்மனியின் கெல்ன், இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ, ஃபுல்ஹம், பிரிஸ்டல் சிட்டி என்று கிளப் கிளப்பாகக் கடனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. 2019இல் பிரிஸ்டல் சிட்டி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும் வரையிலான ஒன்பது ஆண்டுகளில், செல்சியின் முதல் அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கலாஸ் தோற்றுப்போனவர் அல்லர். தேசிய அணியில் இடம் பெற்று ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடினார். ஆயினும் பெட்ர் செக்குக்கு ப்ல்ஷானி கொடுத்ததை, அதாவது வாரந்தோறும் ஆடவும் தவறு செய்யவும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும் ஓரிடத்தை, அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்தக் கிளப்பும் அவருக்கு நிலையாகக் கொடுக்கவில்லை.

உள்நாட்டு லீக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செக்கோஸ்லோவாக்கியா 1993இல் இரண்டாகப் பிரிந்த பிறகு தொடங்கிய முதல்நிலை லீக்கில் 16 அணிகள் ஆடுகின்றன. 30 சுற்றுகள் முடிந்ததும் 2018-19 பருவத்திலிருந்து அட்டவணை மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகிறது. மேலே உள்ள ஆறு அணிகள் பட்டத்துக்கும் கீழே உள்ள ஆறு அணிகள் பிழைத்திருப்பதற்கும் ஆடுகின்றன. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை பனியின் காரணமாக நீண்ட இடைவேளை. சோசெக் லண்டனுக்குப் போனதும், தோமாஷ் ரொசிட்ஸ்கி 2001இல் ஸ்பார்ட்டாவிலிருந்து டோர்ட்முண்டுக்குப் போனதும் இந்தக் குளிர்கால இடைவேளையில்தான்.

வீரரின் ஒப்பந்தத்தில் வெளியூராருக்கு வியப்பளிக்கும் ஒரு கூறு உண்டு. செக் குடியரசில் தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலானோர் கிளப்பின் ஊழியர்கள் அல்லர். தச்சர், மின்பணியாளர் போலச் சுயதொழில் செய்பவர்களாகவே அவர்கள் கருதப்படுகிறார்கள். கிளப் அவர்களிடமிருந்து ஒரு சேவையை வாங்குகிறது. வருமான வரியையும் காப்பீட்டுத் தொகையையும் வீரரே கட்டிக்கொள்ள வேண்டும். நட்சத்திர வீரருக்கு இது ஆதாயமாகவும் இருக்கலாம். இரண்டாம்நிலை லீக்கில் ஆடி முழங்கால் தசைநார் கிழிந்து எட்டு மாதம் படுத்துவிடுகிற 22 வயது இளைஞருக்கோ, ஊழியருக்குரிய பாதுகாப்பு எதுவும் இயல்பாகக் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நல்ல முகவர் ஒருவரின் தேவை வெளிநாட்டுக்குப் போகும்போதுதான் வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இங்கேயே வந்துவிடுகிறது.

வெளிநாட்டுக்குப் போவது இன்று இயல்பாகத் தெரிகிறது, முன்பு அப்படியில்லை. 1962 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தவரும், அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருதைப் பெற்றவருமான யோசெஃப் மசோபுஸ்ட், ராணுவக் கிளப்பான டுக்லாவில் ஆடியவர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் தொழில்முறை விளையாட்டு என்பதே ஏட்டளவில் கிடையாது. வீரர்கள் ராணுவத்தினராகவோ ஆலைத் தொழிலாளர்களாகவோ பதிவு செய்யப்பட்டிருந்தார்கள். வெளிநாட்டில் ஆட மசோபுஸ்டுக்கு வழி பிறந்தது 1968இல், அவருக்கு 37 வயதானபோது. பெல்ஜியத்தின் மோலன்பேக் கிளப்புக்குப் போனார். 1976 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில், கோல்கீப்பர் ஒருபுறம் பாய்ந்துவிட, பந்தை நடுவில் மெல்லத் தூக்கிப் போட்ட பெனால்டியால் உலகப் புகழ் பெற்ற அந்தோனின் பனென்காவும், 1981இல் 32 வயதில்தான் வியன்னாவின் ராபிட் கிளப்பில் சேர முடிந்தது. ஆட்டத்திறன் உச்சத்தில் இருந்த ஆண்டுகளை அரசு வைத்துக்கொண்டது; மிச்சத்தை வீரருக்குக் கொடுத்தது.

1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் பணமின்றி இடம்பெயரவும், கிளப்புகள் பிற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவரைக் கட்டுப்பாடின்றிச் சேர்க்கவும் வழி திறந்ததால் சந்தை முழுவதும் விரிந்தது. அடுத்த கோடையில் இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் யாரும் எதிர்பாராத விதமாகச் செக் அணி வெம்ப்ளி இறுதியாட்டம் வரை வந்து, கூடுதல் நேரத்தில் ஜெர்மனியிடம் தோற்றது. அந்தச் சில வாரங்கள் கண்காட்சிபோல் அமைந்துவிட்டன. கரேல் போபோர்ஸ்கி ஸ்லாவியாவிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், விளாடிமிர் ஷ்மிட்செர் பிரான்சின் லான்ஸுக்கும், ராடெக் பெய்ப்ல் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கும், நெட்வெட் ஸ்பார்ட்டாவிலிருந்து ரோம் நகரின் லாட்சியோவுக்கும் போனார்கள். செக் வீரர் என்றால் வாங்கலாம் என்ற நம்பிக்கை ஐரோப்பியச் சந்தையில் அந்தக் கோடையில்தான் வேர்பிடித்தது.

இப்படி ஒருவர் விற்கப்படும்போது அவரை வளர்த்த சிற்றூருக்கு என்ன கிடைக்கிறது? உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா இதற்கொரு விதி வைத்திருக்கிறது. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் பணத்துக்காக வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவர் 12 வயதிலிருந்து 23 வயது வரை பயின்ற கிளப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட வேண்டும். முதல் நான்கு பருவங்களுக்கு ஆண்டுக்குக் கால் விழுக்காடு. பின்வரும் எட்டுப் பருவங்களுக்கு ஆண்டுக்கு அரை விழுக்காடு. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 முதல் 15 வயது வரை கிராமத்துக் கிளப்பில் ஆடிய ஒருவர் பின்னாளில் இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு 1 கோடி யூரோவுக்கு விற்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பருவங்களுக்கு மொத்தம் 1 விழுக்காடு, அதாவது 1 லட்சம் யூரோ அந்தக் கிராமத்துக்கு வரும். விற்பவர் இத்தாலியக் கிளப், வாங்குபவர் ஆங்கிலக் கிளப். ஆனாலும் பங்கு உண்டு. ஒருமுறை மட்டுமன்று, இத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் உண்டு. உடைமாற்றும் அறைக்குப் புதுக் கூரை, பையன்களுக்கு நல்ல புல்தரை என்று அது பல ஆண்டுகளுக்குத் தாங்கும்.

எந்தக் கிளப்புக்குப் போவது என்ற முடிவில் பணத்தைவிட முக்கியமான கேள்வி, அங்கே ஆடக் கிடைக்குமா என்பதே. கோலர் நேரே டோர்ட்முண்டுக்குப் போகவில்லை. பெல்ஜியத்தின் சிறிய லோக்கெரன், பிறகு பெரிய ஆண்டர்லெக்ட் என்று ஐந்தாண்டுகள் ஆடிவிட்டுப் போனார். பெட்ர் செக் 2001இல் ஸ்பார்ட்டாவில் சேர்ந்து, தொடர்ந்து 903 நிமிடங்கள் கோல் விடாமல் உள்நாட்டுச் சாதனை படைத்தவர். அடுத்த ஆண்டு அவர் தேர்ந்தெடுத்தது பிரான்சின் ரென் கிளப்பை. அங்கு முதல் பருவத்தில் அணி லீக்கின் அடிப்பகுதியில் தத்தளித்தது. கோல்கீப்பருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 2004இல் செல்சிக்குப் போனதும் முதல் பருவத்திலேயே அணி பட்டம் வென்றது. விளாடிமிர் ட்சோஃபால் இன்னும் மெதுவாக வந்தவர்; ஓபாவா, லிபெரெட்ஸ், ஸ்லாவியா என்று உள்நாட்டுப் படிகள் அனைத்திலும் ஏறி, 28 வயதில் வெஸ்ட் ஹாமில் சோசெக்கோடு சேர்ந்துகொண்டார். 2023 ஜூன் 7 அன்று வெஸ்ட் ஹாம், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான கான்பரன்ஸ் லீக் கோப்பையை 2-1 என்று வென்ற இறுதியாட்டம் நடந்த இடம் ப்ராகில் உள்ள ஸ்லாவியாவின் சொந்த மைதானம். தோற்ற ஃபியோரென்டினா அணியிலும் அந்தோனின் பராக் என்ற முன்னாள் ஸ்லாவியா வீரர் இருந்தார்.

உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் எவ்வளவு குறுகியவை என்பதற்கு நெட்வெட்டின் 2003ஐப் பார்க்கலாம். யுவென்டஸ் அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரியால் மாட்ரிட்டுக்கு எதிராகக் கோல் அடித்தார். அதே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், தேவையே இல்லாத ஓர் இடத்தில் எதிராளியை இடறி மஞ்சள் அட்டை வாங்கினார். அந்த அட்டையால் இறுதியாட்டத்தில் ஆடத் தடை. முழங்காலிட்டு முகத்தைக் கைகளில் புதைத்த அவரைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவரில்லாத இறுதியாட்டத்தில் யுவென்டஸ் பெனால்டிகளில் மிலானிடம் தோற்றது. ஆண்டு முடிவில் தங்கப்பந்து விருது அவருக்குக் கிடைத்தது. 2006இல் முறைகேட்டு வழக்கினால் யுவென்டஸ் இரண்டாம்நிலை லீக்குக்கு இறக்கப்பட்டபோது பலர் வெளியேற, அவர் தங்கி ஆடி அணியை மேலே கொண்டுவந்து, 2009இல் ஓய்வு பெற்றார்.

எல்லோருக்கும் அந்த நிதானமான முடிவு வாய்ப்பதில்லை. ரொசிட்ஸ்கி ஆர்சனலில் பத்தாண்டுகள் இருந்தார். காயத்தால் மட்டும் ஒன்றரை ஆண்டு ஒரே மூச்சில் பறிபோனது. பெட்ர் செக்குக்கு 2006 அக்டோபரில் ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எதிரணி வீரரின் முழங்கால் தலையில் மோதி மண்டையோடு முறிந்தது. மூன்று மாதங்களில் ரக்பி வீரர்கள் அணிவது போன்ற தலைக்கவசத்தோடு திரும்பியவர், கடைசி ஆட்டம் வரை அதைக் கழற்றவில்லை. அந்தக் கவசத்தோடுதான் 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் ஆர்யென் ரொப்பனின் பெனால்டியைத் தடுத்தார். பிறகு பெனால்டிப் போட்டியில் மேலும் இரண்டைத் தடுத்தார்.

திரும்பி வருவது செக் கால்பந்தில் ஏறக்குறைய ஒரு மரபு. போபோர்ஸ்கி தன் கடைசி ஆண்டுகளை ஸ்பார்ட்டாவிலும், பிறகு தான் வளர்ந்த செஸ்கே புதெயோவிட்சே நகரத்திலும் ஆடி முடித்தார். 2004 ஐரோப்பியக் கோப்பையில் 5 கோல்களுடன் முதலிடம் பெற்ற மிலன் பாரோஷ், லிவர்பூல், லியோன், கலாட்டாசரே எல்லாம் சுற்றிவிட்டு, தன்னை வளர்த்த சுரங்கத் தொழில் நகரமான ஓஸ்ட்ராவாவின் பானிக் கிளப்புக்கே மீண்டும் மீண்டும் வந்து 2020இல் அங்கேயே ஓய்வு பெற்றார். வரும்போது அவர்களிடம் பழைய வேகம் இருக்காது. ஆனால் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து காலணி மாட்டும் அனுபவசாலி ஒருவர் கிடைக்கிறார். ரொசிட்ஸ்கியும் ஸ்பார்ட்டாவில் ஆடி முடித்து, 2018 இறுதியில் அதன் விளையாட்டு இயக்குநரானார். இன்னொரு ஷிக் கைநழுவாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது மேசையின் இந்தப் பக்கத்தில் அவருக்கு வந்து சேர்ந்தது. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஸ்பார்ட்டா பட்டம் வென்றது.

பெட்ர் செக் ஊருக்குத் திரும்பவில்லை. 124 சர்வதேச ஆட்டங்களுக்குப் பிறகு, 2019இல் ஆர்சனலில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுச் செல்சியில் ஆலோசகராகச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில், லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள கில்ட்ஃபோர்ட் நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணியில், பிரிட்டனின் நான்காம்நிலை லீக்கில், கோல்கீப்பராக இறங்கினார். செக் நாட்டில் கால்பந்துக்கு நிகரான செல்வாக்குடைய ஆட்டம் ஐஸ் ஹாக்கி. சிறு வயதில் அவருக்கும் அதில்தான் ஆசை இருந்தது. முதல் நாளே பெனால்டிகளைத் தடுத்து ஆட்டநாயகன் விருதையும் வாங்கினார். அவர் போட்டிருந்த முகக்கவசத்தின் இரு பக்கங்களிலும் செல்சி, ஆர்சனல் கிளப்புகளின் சின்னங்கள் வரையப்பட்டிருந்தன.